ஈயம் தோல் வழியாக உடம்பில் ஏறுமா?

கேட்டவர் பேட்டரி பழுதுபார்க்கும் இடத்தில் சில வருடங்களாக வேலை செய்கிறார். பழைய பேட்டரியைத் திறந்து தட்டுகளை எடுப்பது, ஈயத்தை உருக்கி முனைகளை ஒட்டுவது எல்லாம் பெரும்பாலும் வெறும் கையால்தான். சில நேரம் கையுறை உண்டு. "ஈயம் தோல் வழியாகப் போகாது, அந்தக் கையோடு சாப்பிடாமல் இருந்தால் போதும்" என்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்களாம். அது சரியா, கையுறையும் சோப்பும் போதுமா, வீட்டில் மனைவி கர்ப்பமாக இருக்கிறார், அவருக்கு ஏதாவது ஆகுமா என்று மூன்று கேள்விகள்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: நீங்கள் கையாளும் ஈயம், அதாவது காரீயமும் அதன் ஆக்சைடும் சல்ஃபேட்டும், காயமில்லாத தோல் வழியாக மிகக் குறைவாகத்தான் உள்ளே போகும். அந்த அளவுக்கு உங்கள் நண்பர்கள் சொல்வது உண்மை. அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவுதான் தவறு. தோல் ஈயத்தை அதிகம் உறிஞ்சாவிட்டாலும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அங்கிருந்து அது வாய்க்குப் போகிறது, கைபேசிக்குப் போகிறது, வீட்டுக்கும் போகிறது. அதோடு, உங்கள் வேலையில் கையைவிடப் பெரிய வழி மூச்சு. சாப்பிடாமல் இருந்தால் போதும் என்பவர்கள் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

தோல் வழியாக எவ்வளவு போகிறது என்பதை மனிதர்களிடமே அளந்து பார்த்திருக்கிறார்கள். நரையைக் கறுப்பாக்கும் சில தலைச்சாயங்களில் லெட் அசிட்டேட் என்ற ஈய உப்பு இருந்தது. 1980-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தோலில் பூசிய லெட் அசிட்டேட்டில் சராசரியாக 0.06 சதவீதம்தான் உடம்பில் சேர்ந்தது. ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் குறைவு. லெட் அசிட்டேட் தண்ணீரில் நன்றாகக் கரையக்கூடியது. பேட்டரித் தட்டில் இருக்கும் ஆக்சைடும் சல்ஃபேட்டும் அவ்வளவு எளிதில் கரையாதவை. ஆகவே உங்கள் கையிலிருந்து நேராக உள்ளே போவது இன்னும் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். அப்படியிருந்தும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் அந்தச் சாயத்துக்கான அனுமதியைத் திரும்பப் பெற முடிவு செய்தது. ஈயத்துக்கு இதுவரை ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவே கண்டறியப்படவில்லை என்பதால், சிறிய அளவையும் தேவையில்லாமல் ஏன் சேர்க்க வேண்டும் என்ற நியாயம்தான் அதன் பின்னால் இருந்தது.

குறைவு என்பதைப் பூச்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1990-களில் ஆஸ்திரேலியாவில் நடந்த சோதனைகளில், ஒரு கையில் ஈய உப்பைப் பூசிவிட்டு மற்ற இடங்களில் சுரக்கும் வியர்வையையும் எச்சிலையும் சோதித்தார்கள். பூசாத கையின் வியர்வையிலும் ஈயம் தெரிந்தது. இரத்தத்தில் மட்டும் அதிக மாற்றமில்லை. அதாவது தோல் வழியாக நுழையும் ஈயம் கொஞ்சம் வேறு மாதிரி நகர்கிறது. இரத்தப் பரிசோதனை அதை முழுதாகக் காட்டாமல் போகலாம். அப்புறம், இந்தக் குறைந்த கணக்கெல்லாம் முழுமையான தோலுக்குத்தான். சிராய்ப்பு, வெடிப்பு, தோல் அழற்சி இருந்தால் உறிஞ்சுவது கூடும். உங்கள் வேலையில் இது முக்கியம், ஏனென்றால் பேட்டரியில் கந்தக அமிலமும் இருக்கிறது. அமிலம் தெறித்துப் புண்ணான இடத்தில் தட்டுத் தூசி படிந்தால், தோல் என்ற தடுப்பு அங்கே பாதி இல்லை. ஈயத் துணுக்கு கையில் குத்தி உள்ளேயே தங்கிவிட்டால் அதை அப்படியே விடாமல் மருத்துவரிடம் காட்டி எடுத்துவிட வேண்டும்.

இப்போது கையிலிருந்து வாய்க்குப் போவதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கையில் 1 மில்லிகிராம் ஈயத் தூசி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு அது. அதில் 1000 மைக்ரோகிராம் இருக்கிறது. மேலே சொன்ன சதவீதப்படி தோல் வழியாகப் போவது 1 மைக்ரோகிராமுக்கும் குறைவு. அதே தூசியில் பத்தில் ஒரு பங்கு நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்குப் போனால் 100 மைக்ரோகிராம் விழுங்கியிருப்பீர்கள். பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் சுமார் 10 சதவீதம் குடலிலிருந்து இரத்தத்துக்குப் போகிறது என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். அதன்படி 10 மைக்ரோகிராம். வயிறு காலியாக இருந்தால், ஈயமும் கரையக்கூடியதாக இருந்தால், பாதிவரைகூடப் போகலாம். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைவாக இருப்பவர்களுக்கும் உறிஞ்சுவது அதிகம். ஒப்பிட ஓர் அளவு சொல்கிறேன்: கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு உணவு வழியாக ஒரு நாளில் சேரும் ஈயத்துக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வைத்திருக்கும் ஒப்பீட்டு அளவு 8.8 மைக்ரோகிராம், குழந்தைகளுக்கு 2.2. கையிலிருந்து வாய்க்குப் போகும் அந்த 100, முதல் அளவைப் போலப் பத்து மடங்குக்கு மேல்.

வாய்க்குப் போவது என்றால் சாப்பாடு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் பாட்டிலின் மூடி, கைபேசி, மூக்குக் கண்ணாடி, மீசை, நகம் கடிப்பது, முகக்கவசத்தை இழுத்துச் சரிசெய்வது எல்லாம் சேர்ந்ததுதான். புகைப்பழக்கம் இருந்தால் இரட்டைக் கெடுதல்: விரலில் இருக்கும் ஈயம் சிகரெட்டில் ஒட்டி உதட்டுக்கும் போகும், எரியும்போது புகையோடும் போகும்.

மூச்சுக் கணக்கு இதைவிடப் பெரியது. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு நிர்வாகம் 1978-இல் வைத்த வரம்பு, 8 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் ஈயம். ஒரு ஷிஃப்டில் ஒருவர் சுமார் 10 கன மீட்டர் காற்றை இழுக்கிறார் என்று கணக்கிடுவது வழக்கம். அப்படியானால் சட்டப்படி சரியாக இருக்கும் இடத்திலேயே நாளுக்கு 500 மைக்ரோகிராம் உள்ளே போகிறது. நுரையீரலுக்குள் போகும் நுண்ணிய ஈயத்தில் 30 முதல் 50 சதவீதம், மிக நுண்ணியதாக இருந்தால் அதற்கும் மேல், இரத்தத்தில் சேரும். குறைந்தது 150 மைக்ரோகிராம் என்று ஆகிறது. தோலின் கணக்கோடு இதை ஒப்பிடவே முடியாது.

உங்கள் இடத்தில் காற்றில் ஈயம் எங்கிருந்து வருகிறது? ஈயம் சுமார் 327 டிகிரி செல்சியஸில் உருகும். உருகிய உடனேயே அதிகமாக ஆவியாகிவிடாது. 500 டிகிரிக்கு மேல் போகப் போகத்தான் புகை கூடும். ஆனால் கேஸ் டார்ச்சின் சுடர் அதைவிடப் பல மடங்கு சூடானது, சுடர் நேராகப் படும் இடத்தில் வெப்பத்தைக் கட்டுப்படுத்துவது கடினம். உருகிய ஈயத்தின் மேலே படியும் கசடை வழித்துக் கொட்டும்போது எழும் தூசியும் ஆக்சைடுதான். காய்ந்த தட்டுகளைத் தட்டி உதிர்ப்பது, தரையைத் துடைப்பத்தால் பெருக்குவது, காற்றுக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்வது ஆகிய மூன்றையும் உங்கள் இடத்தில் செய்கிறார்கள் என்றால், கையைப் பற்றிக் கவலைப்படும் முன் அவற்றை நிறுத்தச் சொல்லுங்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. கையைக் காரணம் காட்டுவது ரொம்பப் பழைய வழக்கம். 1910-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் ஈயத் தொழிற்சாலைகளை ஆராயப் போனபோது, முதலாளிகள் சொன்ன பதில் இதுதான்: தொழிலாளிகள் கையைக் கழுவுவதில்லை, நகத்தைச் சுத்தம் செய்வதில்லை, அதனால் நோய் வருகிறது. ஹாமில்டன் ஆலைகளுக்குள் நடந்து, எந்த வேலை செய்தவர்களுக்கு நோய் வந்திருக்கிறது என்று மருத்துவமனைப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். காற்றிலிருக்கும் தூசியும் புகையும்தான் முதன்மைக் காரணம் என்று காட்டினார். அதை அடக்குவது முதலாளியின் பொறுப்பு. தொழிலாளி எவ்வளவு கை கழுவினாலும் காற்றைக் கழுவ முடியாது. நூறு வருடங்களுக்கு மேல் ஆகியும், பல இடங்களில் சுவரில் "கையைக் கழுவவும்" என்று எழுதியிருக்கும், பக்கத்தில் எக்ஸாஸ்ட் மின்விசிறி ஓடாது. ஆகவே கையைப் பற்றி இனி நான் சொல்லப்போகும் எல்லாவற்றையும் காற்றுக்கு அடுத்த இடத்தில் வைத்துப் படியுங்கள்.

தோலைப் பற்றிய பொது விதிக்கு ஒரு பெரிய விலக்கு இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் "ஈயம் தோல் வழியாகப் போகாது" என்று சொல்லக்கூடாது. கரிமச் சேர்மமாக இருக்கும் ஈயம் கொழுப்பில் கரையும். ஆகவே தோலைக் கடந்து நன்றாகவே உள்ளே போகும். பெட்ரோலில் சேர்த்து வந்த டெட்ரா எத்தில் லெட் இதற்கு மிக மோசமான எடுத்துக்காட்டு. 1924 அக்டோபரில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பேவே சுத்திகரிப்பு ஆலையில் அதைத் தயாரித்துக்கொண்டிருந்த தொழிலாளர்களில் 5 பேர் இறந்தார்கள், முப்பதுக்கும் மேற்பட்டோர் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். சாதாரண ஈய நஞ்சில் வரும் வயிற்று வலியும் சோகையும் அவர்களுக்கு முதலில் வரவில்லை. தூக்கமின்மை, பயங்கரக் கனவு, இல்லாததைக் காண்பது, வெறி என்று மூளையைத்தான் நேராகத் தாக்கியது. கல்லீரல் இந்தச் சேர்மத்தை டிரை எத்தில் லெட் ஆக மாற்றுகிறது. நரம்புக்கு நஞ்சாக வேலை செய்வது அதுதான். இவ்வளவுக்கும் பிறகு, அதே மாத இறுதியில், அதைப் பெட்ரோலில் சேர்க்கலாம் என்று கண்டுபிடித்த தாமஸ் மிட்ஜ்லி பத்திரிகையாளர்கள் முன்னால் அந்தத் திரவத்தைக் கையில் ஊற்றிக்கொண்டு, முகர்ந்தும் காட்டி, ஆபத்தில்லை என்றார். அவரே முந்தைய வருடம் ஈய நஞ்சுக்காக ஓய்வெடுக்கப் போனவர். 1925-இல் நடந்த அரசு மாநாட்டில் ஹாமில்டன் இதை எதிர்த்துப் பேசினார்; கேட்கவில்லை. சாலை வாகனங்களுக்கான ஈயம் கலந்த பெட்ரோல் உலகில் கடைசியாக நின்றது 2021-இல், அல்ஜீரியாவில்.

இன்றும் சிறிய பிஸ்டன் விமானங்களின் எரிபொருளில் டெட்ரா எத்தில் லெட் இருக்கிறது. அந்த விமானங்களைப் பராமரிப்பவர்கள் எரிபொருளைக் கையில் ஊற்றிப் பாகங்களைக் கழுவவே கூடாது. சில கனரக கிரீஸ்களிலும் பெயின்ட் உலர்த்திகளிலும் முன்பு பயன்படுத்திய லெட் நாப்தனேட்டும் தோல் வழியாக ஏறக்கூடியது. ஆகவே எந்தப் பொருளைக் கையாண்டாலும் அதனோடு வரும் பாதுகாப்புத் தகவல் தாளில் ஈயம் எந்த வடிவில் இருக்கிறது, தோல் வழியாக உறிஞ்சும் என்று குறித்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பேட்டரி வேலையில் இந்த வகை இல்லை. எலெக்ட்ரானிக்ஸ் சால்டரிங் செய்பவர்களும் இந்தக் கேள்வியைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை: சால்டர் கம்பியை உருக்கும் 350 டிகிரி வெப்பத்தில் ஈயம் ஆவியாவது சொற்பம். கண்ணில் தெரியும் புகை ஃப்ளக்ஸின், அதாவது சால்டர் நன்றாக ஒட்டச் சேர்க்கும் பிசினின் புகை; அது ஆஸ்துமாவைத் தூண்டும் வேறு ஆபத்து. சால்டரிங்கில் ஈயம் ஏறுவது முக்கியமாக விரலிலிருந்து வாய்க்குத்தான், கம்பியைப் பல்லில் கடித்துப் பிடிப்பவர்களுக்கு இன்னும் நேராக.

எந்த வழியாக வந்தாலும் உள்ளே போன ஈயம் ஒரே மாதிரி வேலையைத்தான் செய்கிறது. இரத்தத்தில் இருக்கும் ஈயத்தில் ஏறக்குறைய எல்லாமே சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும். அங்கே அது சுமார் ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும். குறைவது முழுவதும் வெளியே போய்விடுவதில்லை. ஒரு பகுதி எலும்புக்குப் போகிறது. ஈயம் கால்சியம் போலவே நடிப்பதால் எலும்பு அதை ஏற்றுக்கொள்கிறது. பெரியவர்களின் உடம்பில் தங்கும் ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில்தான் இருக்கிறது, அங்கிருந்து பாதியாகக் குறையப் பத்து முதல் முப்பது வருடங்கள் ஆகும். எலும்பு ஒரு கிடங்கு மாதிரி. கர்ப்பம், தாய்ப்பால் கொடுக்கும் காலம், மாதவிடாய் நின்ற பின் எலும்பு தேய்வது, நீண்ட நாள் படுக்கையில் இருப்பது போன்ற நேரங்களில் எலும்பு கரையும்போது பழைய ஈயமும் இரத்தத்துக்குத் திரும்பி வரும். வேலையை விட்டுப் பல வருடம் கழித்தும் இரத்த அளவு உயரமாகவே நிற்பவர்கள் இருப்பதற்குக் காரணம் இது.

கால்சியம், துத்தநாகம் போன்றவை செய்ய வேண்டிய வேலையில் புகுந்து கெடுப்பதுதான் ஈயத்தின் வழி. ஹீமோகுளோபின் தயாரிக்கும் நொதிகளை முடக்குகிறது, அதனால் சோகை. நரம்பு முனைகளில் செய்தி கடத்துவதைக் குலைக்கிறது. அதிக அளவில் பல காலம் ஏறினால் மணிக்கட்டை நிமிர்த்த முடியாமல் கை தொங்கிப்போகும். ஈயத்தோடு புழங்கிய குயவர்களின் கை முதலில் நடுங்கிப் பின் செயலிழப்பதை 1700-இலேயே இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி எழுதி வைத்திருக்கிறார். கடுமையான வயிற்று வலி, மலச்சிக்கல், ஈறில் நீலக் கோடு, மூட்டு வலி, எல்லாம் முற்றினால் வலிப்பும் மயக்கமும். இவை இரத்தத்தில் டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிலிட்டருக்கு, 40, 60, 80 மைக்ரோகிராம் என்று ஏறும்போது வருபவை.

இன்று கவலைப்பட வேண்டியது அதற்கு வெகு கீழே இருக்கும் அளவுகள். அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2012-இல் கிடைத்த சான்றுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து, பெரியவர்களுக்கு 10 மைக்ரோகிராமுக்குக் கீழேயே இரத்த அழுத்தம் கூடுவதும், 5-க்குக் கீழேயே சிறுநீரகச் செயல்பாடு குறைவதும், கர்ப்பிணிகளுக்கு 5-க்குக் கீழேயே சிசுவின் வளர்ச்சி குறைவதும் போதுமான சான்றுள்ளவை என்று சொன்னது. ஆண்களில் 15 முதல் 20-க்கு மேல் விந்தணுக்களின் தரம் கெடுகிறது. கரிமமல்லாத ஈயச் சேர்மங்களைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்க அதிக வாய்ப்புள்ளவை என்ற பிரிவில் வைத்திருக்கிறது. இந்த அளவுகளில் உடம்புக்கு எதுவும் தெரியாது. கொஞ்சம் அசதி, கொஞ்சம் எரிச்சல், தூக்கம் சரியில்லை; வேலைக் களைப்பு என்று எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள். "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பது இந்த விஷயத்தில் எதையும் நிரூபிக்காது.

சட்டங்கள் இந்த அறிவுக்குப் பின்னால் மெதுவாக வருகின்றன. அமெரிக்காவின் அந்த 1978 விதி, இரத்தத்தில் 60 மைக்ரோகிராம், அல்லது பல சோதனைகளின் சராசரி 50, வந்த பிறகுதான் தொழிலாளியை ஈய வேலையிலிருந்து கட்டாயமாக நகர்த்தச் சொல்கிறது. கலிஃபோர்னியா மாநிலம் 2025 தொடக்கத்திலிருந்து காற்று வரம்பை 10 மைக்ரோகிராமாகக் குறைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் காற்று வரம்பை 30 ஆகவும், இரத்த வரம்பை 100 மில்லிலிட்டருக்கு 15 ஆகவும் குறைக்க முடிவு செய்தது. இரத்த வரம்பு மட்டும் இடைக்காலமாக 30-இல் தொடங்குகிறது. ஆகவே உங்கள் மேலாளர் "வரம்புக்குள்தான் இருக்கிறது" என்று சொன்னால், எந்த வருடத்து வரம்பு என்று கேளுங்கள்.

சரி, இரண்டாவது கேள்வி, கையுறை. போட வேண்டும், ஆனால் சரியாகப் போட வேண்டும். அமிலம் இருப்பதால் அமிலம் தாங்கும் நீண்ட ரப்பர் அல்லது நைட்ரைல் கையுறைதான் உங்களுக்குப் பொருத்தம். உருக்கும் வேலைக்கு வெப்பம் தாங்கும் கையுறை தனியாக வேண்டும். தோல் கையுறையும் துணிக் கையுறையும் தூசியை உள்வாங்கி வைத்துக்கொள்ளும். அதைவிட முக்கியம், அழுக்குக் கையோடு கையுறைக்குள் விரலை விட்டால் ஈயமும் வியர்வையும் சூடும் சேர்ந்து மணிக்கணக்காகத் தோலோடு அடைபட்டுக் கிடக்கும். அதற்குக் கையுறை இல்லாமலே இருந்திருக்கலாம். சுத்தமான கையில் போடுங்கள். கழற்றும்போது வெளிப்பக்கம் தோலில் படாமல் உள்பக்கம் வெளியே வரும்படி உரித்து எடுங்கள். கையுறையோடு கைபேசியைத் தொட்டுவிட்டுப் பிறகு வெறும் கையால் அதையே எடுத்தால் எந்தப் பயனும் இல்லை. கைபேசி வேலை மேசைக்கு வரவே கூடாது. தடவும் தடுப்புக் கிரீம்களை நம்பி இருக்க வேண்டாம்.

சோப்பு பற்றி நிறையப் பேர் நினைப்பது தவறு. ஈயத் தூசி மிக நுண்ணியது, தோலின் வரிகளிலும் நகக் கண்ணிலும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். சாதாரண சோப்பால் கழுவிக் கை பளிச்சென்று இருந்தாலும் ஈயம் மிச்சமிருக்கும். அமெரிக்காவின் பணியிடச் சுகாதார ஆய்வு நிறுவனம் பேட்டரித் தொழிலாளர்களிடம் சோதித்தபோது கழுவிய கைகளிலும் ஈயம் தெரிந்தது. அதற்காகவே அவர்கள் ஒரு துடைப்பான் முறையை உருவாக்கினார்கள்: கையைத் துடைத்து ரோடிசோனேட் என்ற மருந்தைத் தெளித்தால் ஈயம் இருக்கும் இடம் சிவக்கும். ஈயத்தை நீக்கவென்றே செய்த கழுவு திரவங்களும் துடைப்பான்களும் கிடைக்கின்றன. பணியிடம் அவற்றை வாங்கித் தர வேண்டும். ஆல்கஹால் சானிடைசர் ஈயத்தை எடுக்காது, பரப்பித்தான் விடும். பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் போட்டுக் கை கழுவுவது மிகக் கெட்ட பழக்கம். தோலின் கொழுப்பை எடுத்து வெடிப்பாக்கி, அடுத்த நாள் ஈயம் புக வழி செய்து வைக்கும். முரட்டுக் கல்லால் தேய்ப்பதும் அப்படியே. வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான நகத் தூரிகை, ஓடும் நீரில் நன்றாக அலசுவது, ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் துண்டு, இவைதான் சரி. எல்லாவற்றையும்விட, கையில் படாமல் பார்த்துக்கொள்வது கழுவுவதைவிட மேல், ஏனென்றால் கழுவும் செயலே தோலின் தடுப்பைக் கொஞ்சம் தளர்த்துகிறது.

பணியிடம் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உருக்கும் சட்டியின் மேலேயே புகையை இழுக்கும் உறிஞ்சி. தூசி வேலைகளை நனைத்துச் செய்வது. பெருக்காமல், மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வாக்குவம் கிளீனரால் எடுப்பது. சாப்பிடத் தனி அறை. வேலை உடுப்புக்கும் வீட்டு உடுப்புக்கும் தனித்தனி லாக்கர். வேலை முடிந்ததும் குளிக்க இடம். உடுப்பைப் பணியிடமே துவைப்பது. முகத்துக்குத் துணிக் கவசமோ அறுவைச் சிகிச்சைக் கவசமோ ஈயப் புகையைத் தடுக்காது. துகள் வடிகட்டி பொருத்திய, முகத்தோடு சரியாகப் பொருந்தும் ரெஸ்பிரேட்டர் வேண்டும். தாடி இருந்தால் அது பொருந்தாது.

உங்கள் மனைவியைப் பற்றிய கேள்விதான் இதில் மிக அவசரமானது. அவர் அங்கே வேலை செய்யவில்லை, ஆனால் ஈயம் உங்களோடு வீட்டுக்கு வரும். தலைமுடி, சட்டை, செருப்பு, பை, வண்டி இருக்கை எல்லாவற்றிலும். உங்கள் வேலை உடுப்பை உதறித் துவைப்பவர் அந்தத் தூசியை மூச்சோடு இழுக்கிறார். தாயின் இரத்தத்தில் இருக்கும் ஈயம் நஞ்சுக்கொடியைத் தடையில்லாமல் கடந்து போகும். குழந்தையின் இரத்தத்திலும் ஏறக்குறைய அதே அளவு வந்துவிடும். பிறந்த பிறகு குழந்தை தரையில் தவழ்ந்து, பட்டதையெல்லாம் வாயில் வைக்கும். சிறு குழந்தைகளின் குடல் விழுங்கிய ஈயத்தில் பாதிவரை உறிஞ்சக்கூடியது. வளரும் மூளையில் அது செய்யும் பாதிப்பு திரும்பச் சரியாவதில்லை.

ஆகவே இன்றிலிருந்தே, வேலை உடுப்போடும் செருப்போடும் வீட்டுக்குள் வராதீர்கள். வேலை இடத்திலேயே குளித்து மாற்றிக்கொண்டு வருவது நல்லது. வசதி இல்லையென்றால் வாசலிலேயே கழற்றி, உதறாமல் ஒரு பையில் போட்டுக் கட்டி, மற்ற துணிகளோடு சேர்க்காமல் நீங்களே துவையுங்கள். தலைமுடி உட்படக் குளித்த பிறகுதான் யாரையும் தொடுவது. வீட்டுத் தரையைப் பெருக்குவதைவிட ஈரத் துணியால் துடைப்பது மேல். மனைவியின் கர்ப்பகால மருத்துவரிடம் உங்கள் வேலையை வெளிப்படையாகச் சொல்லி, இரத்த ஈய அளவைச் சோதிக்கக் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல்படி அளவு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். உணவில் கால்சியமும் இரும்பும் போதாமல் இருக்கும் கர்ப்பிணிகளுக்கு அவற்றைக் கூடுதலாகக் கொடுக்கலாம். பழைய பேட்டரித் தட்டுகளை வீட்டில் சேர்த்து வைத்திருந்தால் உடனே அப்புறப்படுத்துங்கள்.

நீங்களும் சோதித்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டிய பரிசோதனை இரத்த ஈய அளவு. வழக்கமான இரத்தப் பரிசோதனையில் அது வராது. விரல் நுனியில் குத்தி எடுக்கும் முறை உங்களுக்குச் சரிப்படாது, தோலில் ஒட்டியிருக்கும் ஈயம் மாதிரியில் கலந்து பொய்யாக உயர்த்திக் காட்டும். கையின் இரத்த நாளத்திலிருந்து (சிரை) எடுக்கச் சொல்லுங்கள், எடுக்கும் முன் கையை நன்றாகக் கழுவுங்கள். கூடவே ஹீமோகுளோபின், சிறுநீரகச் செயல்பாடு, இரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். பெரியவர்களுக்கு அமெரிக்காவில் இப்போது 3.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தாலே உயர்ந்தது என்று கணக்கெடுக்கிறார்கள். உங்கள் அளவு அதைவிட எவ்வளவு மேலே இருக்கிறது என்பதைப் பொறுத்துத் தொழில்சார் நோய்களில் அனுபவமுள்ள மருத்துவர் அடுத்ததைச் சொல்வார். வேலை தொடரும்வரை சில மாதங்களுக்கு ஒரு முறை திரும்ப எடுத்து, தாள்களைச் சேர்த்து வையுங்கள். ஒரே அளவைவிட, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் உங்கள் பணியிடத்தைப் பற்றி அதிகம் சொல்லும்.

ஈயத்தை வெளியேற்றும் மாத்திரை இருக்கிறதாமே என்று யாராவது சொன்னால் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். கீலேஷன் மருந்துகள் அளவு மிக உயர்ந்தவர்களுக்கு, ஈய வேலையிலிருந்து நகர்த்திய பிறகு, மருத்துவர் கண்காணிப்பில் கொடுப்பவை. இரத்த அளவைக் கீழே வைத்துக்கொண்டு தொடர்ந்து ஈயத்திலேயே வேலை வாங்குவதற்காக அவற்றைக் கொடுப்பதை அந்த 1978 விதியே தடை செய்திருக்கிறது. உங்கள் முதலாளி அப்படி ஒன்றைக் கொடுக்க முன்வந்தால் மறுத்துவிட்டு, காற்றை அளந்து காட்டச் சொல்லுங்கள்.